கட்டைப் பிரிக்கலாமா, டீச்சர்?

ஐயா,

வணக்கம். ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி ஒன்றில் இரண்டாம் வகுப்பு எடுக்கிறேன். வேலைக்கு வந்து அதிக காலம் ஆகவில்லை. அரசின் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டப் பயிற்சியில் சொன்னபடி செயல்பாடுகள் நிறையச் செய்கிறேன். ராத்திரி வெகு நேரம் உட்கார்ந்து தெர்மாகோலிலும் சார்ட்டிலும் எண், பழம், மீன் எல்லாம் வெட்டித் தயார் செய்கிறேன். பிள்ளைகள் ஆசையாகத்தான் பார்க்கிறார்கள். ஆனால் 42இல் 17ஐக் கழிக்கச் சொன்னால் பாதிப் பேர் 35 என்று எழுதுகிறார்கள். பெற்றோர், ‘எந்நேரமும் விளையாட்டுதானா, நோட்டில் ஒன்றும் இல்லையே’ என்கிறார்கள். பக்கத்து வகுப்பு ஆசிரியர் சத்தம் தாங்கவில்லை என்கிறார். மாண்டிசோரி மாதிரி வேறு முறைக்கு மாறலாமா? சின்ன வகுப்புகளுக்கு ஏற்ற 50 செயல்பாடுகளைப் பட்டியல் போட்டுத் தருவீர்களா?

க.

அன்புள்ள க.,

உங்கள் கடிதத்தில் என்னைப் பிடித்து நிறுத்தியது அந்த 35தான். போன மாதம் ஒரு பள்ளிக்குப் போயிருந்தேன், ஊர்ப் பெயர் வேண்டாம். மூன்றாம் வகுப்புப் பெண் ஒருத்தி தன் நோட்டைக் கொண்டுவந்து காட்டினாள். 61இல் 28 போக 47 என்று அழகான கையெழுத்தில் எழுதியிருந்தாள். அவளிடம் தப்பே இல்லை என்றுதான் சொல்வேன். ஒன்றிலிருந்து எட்டைக் கழிக்க முடியாது, எட்டிலிருந்து ஒன்றைக் கழிக்க முடியும், அதனால் முடிந்ததைச் செய்திருக்கிறாள். அதே பள்ளியில் தலைமையாசிரியர் அறையில் ஓர் இரும்பு பீரோ. உள்ளே மணிச்சட்டம், பத்துப் பத்தாகக் கோத்த மணிகள், கணக்குக் கட்டைகள் எல்லாம் வந்த பிளாஸ்டிக் உறைகூடப் பிரியாமல் அடுக்கியிருந்தது. “பிள்ளைங்க கையில கொடுத்தா தொலைச்சிடுவாங்க சார், ஸ்டாக் ரெஜிஸ்டருக்கு நான்தான் பதில் சொல்லணும்” என்றார். அவர் கெட்டவர் இல்லை, பயந்தவர். அன்றிலிருந்து இதைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். உங்கள் கடிதமும் வந்தது.

முதலில் உங்களைத் திட்டிவிடுகிறேன். அந்தக் கத்தரிக்கோலைக் கீழே வையுங்கள். ராத்திரி கண்விழித்து நீங்கள் வெட்டிய மீனில் கற்றுக்கொண்டது யார்? அளவு பார்த்தது நீங்கள், எண்ணியது நீங்கள், ஒட்டியது நீங்கள், காலையில் கையில் பிடித்துக் காட்டியதும் நீங்கள். பிள்ளை செய்தது, “அஞ்சு மீன் டீச்சர்” என்று கத்தியது மட்டும். புத்தகத்தில் இருக்கும் படத்தைத் தெர்மாகோலில் பார்த்ததற்குப் பெயர் செயல்பாடு இல்லை. உங்கள் உழைப்பைச் சின்னதாக்கிச் சொல்லவில்லை. இத்தனை அக்கறை உள்ள ஒருவர் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு, பிள்ளையின் கைக்குச் சேர வேண்டிய வேலையைத் தானே எடுத்துச் செய்கிறாரே என்றுதான் மனம் அடித்துக்கொள்கிறது.

50 செயல்பாடு வேண்டாம். ஒரு வருஷத்துக்கு ஐந்தாறு போதும், ஒவ்வொன்றையும் மாதக்கணக்கில் செய்ய வேண்டும். புளியங்கொட்டையை ஒரு பக்கம் தரையில் தேய்த்தால் வெள்ளை தெரியும், தாயம் ஆடச் செய்வோமே, அப்படி. ஆளுக்கு ஐந்து கொட்டை. குலுக்கிப் போட்டு வெள்ளை எத்தனை, கறுப்பு எத்தனை என்று சொல்லட்டும். மூன்றும் இரண்டும், நான்கும் ஒன்றும், சில சமயம் ஐந்தும் சைபரும். சைபர் வந்தால் சிரிப்பார்கள், அந்தச் சிரிப்போடு சைபரும் புரிந்துவிடும். ஐந்து பழகியதும் பத்துக் கொட்டை. அப்புறம் பெஞ்சைச் சாணால் அளக்கச் சொல்லுங்கள். ஒருவனுக்கு 11 வரும், இன்னொருத்திக்கு 13 வரும், உங்களுக்கு 8 வரும். யார் சொல்வது சரி என்று சண்டை முற்றட்டும், முற்றிய பிறகு ஸ்கேலை எடுங்கள். மொச்சையைக் கண்ணாடி டம்ளரில் ஈரக் காகிதத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவே வைத்து, வேர் விட்டதும் டம்ளரைப் படுக்கப் போடுங்கள். வேர் மறுபடி கீழே வளைவதைத் தினமும் படம் வரையட்டும். இதெல்லாம் உங்களுக்குத் தெரியாததும் இல்லை.

பெற்றோர் கேட்பது நியாயம்தான். நோட்டில் எழுதவும் வையுங்கள், செய்ததை எழுதவைத்தால் நோட்டு தானே நிறையும். சத்தத்தைப் பற்றி நான் பேசப் போவதில்லை. இரண்டாம் வகுப்பு சத்தமாகத்தான் இருக்கும்.

மாண்டிசோரியா, நம்முடையதா என்ற கேள்விக்கும் அதிக நேரம் செலவிட வேண்டாம். மாண்டிசோரி அம்மையார் 1939இல் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். போர் வந்ததால் சில வருஷங்கள் இந்தியாவிலேயே தங்கினார், கொடைக்கானலில்கூட இருந்தார். அதற்கும் முன்னால் 1790களில், எழும்பூரில் ஆதரவற்ற சிறுவர்கள் பள்ளியை நடத்திய ஆண்ட்ரூ பெல், நம் திண்ணைப் பள்ளிப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைப் பார்த்துத் தன் பள்ளியிலும் மணல் பரப்பினார். அதைப் புத்தகமாக எழுதினார், அது இங்கிலாந்து வரை போயிற்று. எது எங்கிருந்து வந்தது என்பது இன்றைக்கு உங்கள் வகுப்பில் இருக்கும் பிள்ளைக்குத் தேவையில்லாத விஷயம். கையில் என்ன இருக்கிறது, அதை வைத்து அது என்ன செய்கிறது, அவ்வளவுதான்.

நான் இரண்டாம் வகுப்பு படித்தது என் சித்தியிடம். வெண்ணாற்றங்கரையில் ஓர் ஈராசிரியர் பள்ளி. வீட்டில் சித்தி, பள்ளியில் டீச்சர். மறந்துபோய்ச் சித்தி என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்க்க மாட்டார். வருஷ ஆரம்பத்தில் ஒவ்வொரு பிள்ளையும் வீட்டிலிருந்து தென்னை ஈர்க்குச்சி கொண்டுவர வேண்டும். அளவாக உடைப்பது எங்கள் வேலை. ரப்பர் பேண்டுக்கு எங்கே போவது, வாழைநார்தான். காய்ந்த நார் பட்டென்று அறுந்துவிடும் என்பதால் டம்ளர் தண்ணீரில் ஊறப்போட்டு வைப்போம். பத்துக் குச்சி எண்ணி, நாரைச் சுற்றி, கட்ட வேண்டும். நாங்கள் இறுக்கி முடிச்சுப் போடுவோம். சித்தி விடமாட்டார். “முடிச்சு போடாதே, சுருக்குப் போடு. அவிழ்க்கத்தான் கட்டறோம்.” ஏழு வயது விரலுக்குச் சுருக்கு வருவதற்கே ஒரு வாரம் ஆகும், அந்த ஒரு வாரம் வேறு கணக்கே கிடையாது.

அப்புறம் கட்டுகளை மாற்றிக்கொள்வோம். “டீச்சர், இவன் கட்டுல ஒன்பதுதான் இருக்கு” என்று யாராவது புகார் கொண்டுவருவார்கள். உடனே வகுப்பு முழுக்க எல்லாக் கட்டையும் அவிழ்த்து எண்ணும். ஒன்பது குச்சிக் கட்டைக் கொடுத்துப் பத்துக் குச்சிக் கட்டை வாங்கிக்கொள்வது மோசடி என்று எங்களுக்கு அங்கேதான் தெரிந்தது. பத்துக் கட்டைச் சேர்த்துத் தென்னங்கயிற்றால் ஒரு பெரிய கட்டு. அதைத் தூக்கிப் பார்ப்போம். நூறு என்றால் கைக்குள் அடங்காது.

இப்போது உங்கள் 42க்கு வருகிறேன். நாலு கட்டு, ரெண்டு உதிரி. அதிலிருந்து பதினேழு எடுத்துக் கொடு என்பார் சித்தி. பிள்ளை ரெண்டு உதிரியையும் எடுக்கும். இன்னும் ஐந்து வேண்டும், உதிரி இல்லை. அங்கே நின்றுவிடும். சித்தி ஒன்றும் சொல்ல மாட்டார். கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொள்வார், இல்லையென்றால் வேறு பிள்ளையின் சட்டைப் பொத்தானைப் போட்டுவிடுவார். கொஞ்ச நேரம் கழித்து அந்தப் பிள்ளையிடமிருந்தே வரும்: “டீச்சர், கட்டைப் பிரிக்கலாமா?”

அந்தக் கேள்விக்காகத்தான் குச்சி, நார், சுருக்கு, ஒரு வாரம் எல்லாமே. நீங்கள் ‘பக்கத்து வீட்டில் கடன் வாங்கு’ என்று சொல்லிக்கொடுக்கும் வரியைப் பிள்ளை பாட்டாக ஒப்பிக்கும். யார் கொடுத்தார்கள், எதற்குக் கொடுத்தார்கள், ஒன்று கேட்டவனுக்கு எப்படிப் பத்து கிடைத்தது என்று அதற்கு எதுவும் தெரியாது. அதனால் பாட்டில் ஒரு வரி மறந்தால் 35 வந்துவிடுகிறது. கட்டைத் தானே கட்டிய பிள்ளைக்கு அந்தப் பத்தும் எங்கிருந்து வந்தது என்று தெரியும். பிரித்ததும் உதிரியில் பன்னிரண்டு இருக்கிறது, ஏழு போனால் ஐந்து. மூன்று கட்டில் ஒன்று போனால் ரெண்டு. 25. சில பிள்ளைகள் முதலில் ஒரு முழுக் கட்டைத் தூக்கிக் கொடுத்துவிட்டுத்தான் மற்றதற்கு வருவார்கள். இன்னும் சிலர் உதிரியைத் தொடவே மாட்டார்கள், பிரித்த கட்டிலிருந்தே ஏழையும் எடுத்துவிட்டு, மிஞ்சிய மூன்றோடு ரெண்டைச் சேர்ப்பார்கள். மூன்றும் சரி. தயவுசெய்து குறுக்கே விழுந்து ‘முதலில் ஒன்றுகள் இடம்’ என்று சொல்லாதீர்கள். ‘ஏன் அப்படிச் செய்தாய்’ என்று மட்டும் கேளுங்கள், பக்கத்தில் இருப்பவன் கேட்கிற மாதிரி பதில் சொல்லட்டும்.

மாண்டிசோரியின் தங்க மணிகள் அருமையான பொருள். ஒற்றை மணி, பத்து மணி கோத்த கம்பி, நூறுக்குச் சதுரம், ஆயிரத்துக்குக் கனசதுரம். ஆனால் அந்தப் பத்து மணி கம்பியில் கோத்து முடிந்துபோனது, பிள்ளையால் பிரிக்க முடியாது. ஒரு கம்பியைக் கொடுத்து பத்து உதிரி மணி மாற்றி வாங்கிக்கொள்ள வேண்டும். அந்த மாற்றத்தை நம்புவதற்குப் பிள்ளைக்கு முன்னாலேயே ஒரு அனுபவம் வேண்டும் என்பது என் எண்ணம். முதலில் கட்டி அவிழ்க்கிற குச்சி, பல மாதம் கழித்து மாற்றி வாங்குகிற மணி, அதற்கும் பிறகு வெறும் எண். புத்தகத்தில் இனமாற்றிக் கழித்தல் என்று வரும் பாடத்துக்குப் போகும்போது பிள்ளை அதை ஏற்கெனவே நூறு தடவை செய்து முடித்திருக்க வேண்டும். பயிற்சிகளில் இந்த வரிசையைப் பற்றி யாரும் மூச்சு விடுவதில்லை. எல்லாப் பொருளையும் ஒரே மேசையில் பரப்பி, ‘இதில் எதை வேண்டுமானாலும் பயன்படுத்தலாம்’ என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள்.

ஒரு தடவை பள்ளியைச் சோதிக்கும் அதிகாரி டி.ஐ. வந்தார். ஒரு பெண்ணை எழுப்பி 30இல் 12 போக எவ்வளவு என்று கேட்டார். அவள் குனிந்து பையிலிருந்து கட்டுகளை எடுத்தாள். “குச்சி இல்லாம சொல்லு” என்றார். சித்தி பின்னாலிருந்து, “ஐயா, இன்னும் அவளுக்குக் குச்சி வேணும். மார்ச்சுல வாங்க, குச்சி இல்லாமலே சொல்லுவா” என்றார். அதிகாரியை மறித்துப் பேசிய சித்தியை நான் அன்றுதான் பார்த்தேன். டி.ஐ. முகம் சுளித்தார், என்னவோ எழுதிக்கொண்டார். மார்ச்சில் வரவில்லை. அந்தப் பெண் தை மாதமே குச்சியை விட்டுவிட்டாள். கண்ணை மூடி, விரலால் காற்றில் அவிழ்ப்பாள், பதில் வந்துவிடும். யாரும் அவளிடம் குச்சியைப் போடு என்று சொல்லவில்லை.

நம் மாநிலத்தில் இது ஒன்றும் புதிய யோசனை இல்லை. ஆந்திராவின் ரிஷிவேலி கிராமப் பள்ளிகளில் உருவான பாட அட்டைகளையும், அவற்றைப் படிப்படியாக வரிசைப்படுத்திய ஏணிப்படியையும் எடுத்துக்கொண்டு 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றலை ஆரம்பித்தார்கள், 2007-08இல் மாநிலம் முழுக்கக் கொண்டுபோனார்கள். பிள்ளை எட்டும் உயரத்தில் கீழ்மட்டக் கரும்பலகையும், பிள்ளைகள் வரைந்ததைத் தொங்கவிடத் தலைக்குமேல் கம்பிப் பந்தலும் அப்போது வந்தவை. அந்த இரண்டுக்காகவே அதைக் கொண்டுவந்தவர்களைக் கையெடுத்துக் கும்பிடுவேன். ஆனால் பல பள்ளிகளில் அட்டை தேய்ந்தது, அட்டையில் சொன்னதை முடித்து டிக் போட்டு அடுத்ததற்குப் போவதே வேலையானது. இப்போது 2022இல் வந்த எண்ணும் எழுத்தும். அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளையை அதன் நிலையில் வைத்துப் பார்க்கச் சொல்கிறது, நல்லது. அதையும் போட்டோ எடுத்து வாட்ஸ்அப் குரூப்பில் போடுகிற வேலையாக ஆக்கிவிடாதீர்கள். கேமராவைப் பார்த்துச் சிரிக்கிற பிள்ளை குச்சியைப் பார்க்காது.

பீரோவில் மணிகள் இருந்தால் கேட்டு வாங்குங்கள். தலைமையாசிரியர் தயங்கினால், தொலைந்தால் நான் பொறுப்பு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். நாலு மணி தொலையத்தான் செய்யும். ஈர்க்குச்சிக்கு எந்த ரெஜிஸ்டரும் இல்லை, நாளைக்கே ஆரம்பிக்கலாம். ஒரு விரல் நீளத்துக்கு மேல் வேண்டாம், முனை கண்ணில் குத்தும். உடைத்த முனைகளைச் சிமெண்ட் தரையில் தேய்த்து மழுங்கச் செய்ய வேண்டும், அதையும் நீங்கள் ராத்திரி வீட்டில் உட்கார்ந்து செய்யாதீர்கள், வகுப்பில் பிள்ளைகளே தேய்க்கட்டும்.