பத்மினியைத் தாழ்த்தலாமா?

கேள்வி (கோபிச்செட்டிபாளையம் வாசகர்): என் அப்புச்சி 1978இல் வாங்கிய பிரீமியர் பத்மினி கார் இன்றும் எங்கள் தோட்டத்தில் ஓடும் நிலையில் இருக்கிறது. முன்பக்கச் சுருள் ஸ்பிரிங்கில் ஒரு சுற்றை அறுத்து, பின்பக்கம் அடுக்கடுக்கான எஃகுப் பட்டைகளால் ஆன லீஃப் ஸ்பிரிங்கில் ஒரு பட்டையைக் கழற்றிவிட்டால் வண்டி தாழ்ந்து அழகாக நிற்கும் என்கிறான் என் மகன். பட்டறைக்காரரும் அரை நாள் வேலைதான் என்கிறார். செய்யலாமா?

பதில்: அறுப்பதற்கு முன் அளந்து பாருங்கள். நெல் காயப்போடும் சிமென்ட் களத்தில் வண்டியை நிறுத்தி, ஒவ்வொரு சக்கரத்தின் நடுப்புள்ளியிலிருந்தும் அதற்கு நேர் மேலே உள்ள மட்கார்டு விளிம்பு வரை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். நாற்பது ஆண்டுகளுக்கு மேல் பாரம் சுமந்த ஸ்பிரிங் தளர்ந்து இறங்கியிருப்பது வழக்கம். ஓட்டுபவர் மட்டுமே ஏறிப் போய்வந்த வண்டிகளில் வலப்பக்கம் ஒரு விரலளவு கூடுதலாகத் தாழ்ந்திருப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். இரு பக்கமும் சமமாக இல்லாத வண்டியை இன்னும் இறக்கினால் கோணல்தான் கூடும்.

சுற்றை அறுப்பதை நான் ஒருபோதும் ஒப்புக்கொள்ள மாட்டேன். சுருளில் சுற்றுகள் குறையக் குறைய அது விறைப்பாகும்; எட்டுச் சுற்று வேலைசெய்யும் ஸ்பிரிங்கில் ஒன்றை எடுத்தால் ஏறக்குறைய 14 சதவீதம் விறைப்பு கூடுகிறது. கேஸ் வைத்து அறுத்தால், சூடு பட்ட இடத்தில் எஃகின் பதம் போய், பின்னொரு நாள் அங்கேயே ஒடியக்கூடும். அறுபட்ட முனை, ஸ்பிரிங்கைத் தாங்கும் கிண்ணத்தில் சரியாக உட்காராது என்பதால், பள்ளத்தில் சக்கரம் தொங்கும்போது ஸ்பிரிங் இடம் பெயரவும் வாய்ப்புண்டு. தாழ்த்தியே ஆக வேண்டுமென்றால், வேண்டிய உயரத்துக்கென்றே சுற்றிப் பதமேற்றிய புது ஸ்பிரிங் ஜோடியைப் போடுங்கள்.

பின்பக்கத்தில் பட்டையைக் கழற்றினால் வண்டி தாழ்வதோடு பாரம் தாங்கும் வலுவும் குறைகிறது. ஐந்து பேர் ஏறிய முகூர்த்த நாளில் அது தெரிந்துவிடும். பட்டைக்கட்டை அச்சோடு பிணைக்கும் யூ போல்ட்டுக்குள், இரண்டுக்கும் இடையில் கட்டை வைக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். குனிந்து பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்: பட்டைக்கட்டு அச்சுக்கு அடியில் இருந்தால் இடையில் வைக்கும் கட்டை வண்டியை இறக்கும், அச்சுக்கு மேலே இருந்தாலோ அதே கட்டை வண்டியைத் தூக்கிவிடும்.

என் கணக்கில் 25 மில்லிமீட்டரே எல்லை. அதைத் தாண்டினால் ஷாக் அப்சார்பர் தண்டு அடிவரை போய் முட்டும், சக்கரம் எல்லை மீறி மேலேறாமல் தடுக்கும் பம்ப் ரப்பர் ஒவ்வொரு குழியிலும் இடிக்கும். உங்கள் தோட்டத்து இட்டேரி மண்பாதையில் சைலன்சர் உரசும் ஓசையோடுதான் வீடு சேர வேண்டியிருக்கும். எவ்வளவு குறைவாக இறக்கினாலும் வீல் அலைன்மென்ட்டும் முகப்பு விளக்கின் சாய்வும் மாறும்; இரண்டையும் சரிபார்க்காமல் நெடுஞ்சாலை ஏறாதீர்கள்.

இன்னொன்றையும் மகனிடம் சொல்லுங்கள். முதல் பதிவிலிருந்து 50 ஆண்டுகள் கடந்து, மூல வடிவிலேயே பேணப்படும் கார்களுக்கு விண்டேஜ் பதிவு தர 2021இல் மத்திய விதி வந்தது. உங்கள் வண்டிக்கு அந்த வயது 2028இல் ஆகிறது. ஆகவே சேஸிஸிலும் பாடியிலும் எதையும் வெட்டவோ வெல்டிங் வைக்கவோ விடாதீர்கள். கழற்றிய மூல ஸ்பிரிங்குகளில் இடம், வலம் என்று பெயின்ட்டால் எழுதி, கிரீஸ் பூசிச் சாக்கில் கட்டி வையுங்கள்.

கேள்வி (பல்லடம் வாசகர்): பழைய அம்பாசடருக்கும் இதே பதில்தானா?

பதில்: பின்பக்கப் பட்டைக்கு இதேதான். முன்பக்கம் சுருளே கிடையாது. டார்ஷன் பார் எனும் முறுக்குக் கம்பிதான் பாரம் தாங்குகிறது. அதன் பல்வரிசையை மாற்றிப் பொருத்தி உயரத்தைக் கூட்டவோ குறைக்கவோ முடியும், கம்பியின் விறைப்பும் மாறாது. ஆனால் முறுக்கேறிய நிலையில் அது பெரும் விசையை அடக்கி வைத்திருப்பதால், அந்த வண்டியில் கைபழகிய மெக்கானிக் அல்லாத எவரையும் அதன் போல்ட்டைத் தொட விடாதீர்கள்.