38 ஆயிரத்துக்கு ஒரு பழைய ஸ்லாஷர், வாங்கலாமா?

கேள்வி: அண்ணா, வணக்கம். உடுமலைப் பக்கம் நாலு ஏக்கர் தென்னை. போன வருஷம் 24 ஹெச்பி மினி டிராக்டர் ஒன்று, செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். இதுவரை ரொட்டவேட்டரை வாடகைக்கு எடுத்து ஓட்டுகிறேன், ஒரு மழை பெய்தால் பழையபடி புல் முழங்கால் உயரத்துக்கு வந்துவிடுகிறது. இப்போது ஒரு புரோக்கர் மூலமாக, டிராக்டருக்குப் பின்னால் மாட்டிப் புல் வெட்டும் அஞ்சடி ரோட்டரி ஸ்லாஷர் ஒன்று வந்திருக்கிறது. 38 ஆயிரம் சொல்கிறார். புது பெயிண்ட் அடித்து, பார்க்கப் புதுசு மாதிரியே இருக்கிறது. ரெண்டு சீசன்தான் ஓடியதாம். நம்பி வாங்கலாமா? எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

பதில்: தம்பி, அந்த அஞ்சடியை விட்டுவிடுங்கள். 38 ஆயிரம் நியாயமா அநியாயமா என்பதற்குள் போகவே வேண்டாம், அது உங்கள் வண்டிக்கு ஆகாது. ஸ்லாஷருக்கு ஓர் அடி அகலத்துக்கு 5 ஹெச்பி என்பது பொதுவான கணக்கு, அதுவும் இன்ஜின் ஹெச்பி இல்லை, பி.டி.ஓ.வில், அதாவது டிராக்டருக்குப் பின்னால் கருவியைச் சுழற்றும் தண்டில், வந்து சேரும் ஹெச்பி. 24 ஹெச்பி இன்ஜினில் பி.டி.ஓ.வுக்கு 20-க்கு முன்பின் கிடைக்கும், ஆக நாலடிதான் உங்கள் எல்லை. அஞ்சடியை மாட்டினால் காய்ந்த புல்லில் ஓடும், மழைக்குப் பிறகு ஈரப்புல்லில் இன்ஜின் திணறும், நீங்கள் கியரைக் குறைத்துக் குறைத்து டீசலை ஊற்றிக்கொண்டிருப்பீர்கள். அகலம் குறைந்தால் நேரம் ஆகுமே என்று கவலைப்பட வேண்டாம். 25 அடி இடைவெளியில் தென்னை, ரெண்டு பக்கமும் ஆறாறு அடி பாத்தி என்றால் நடுவில் மிஞ்சுவது 13 அடி. அஞ்சடியில் மூன்று நடை, நாலடியில் நாலு நடை. ஒரே ஒரு நடைதான் வித்தியாசம்.

சரி, நாலடி ஒன்று கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் பார்க்க வேண்டியது கியர் பாக்ஸை. தகடு ஓட்டையானால் ஒட்டுப்போடலாம், கத்தி தேய்ந்தால் மாற்றலாம், பின் சக்கரம் கழன்றால் ஊர்ப் பட்டறையில் ஒரு மணி நேர வேலை. கியர் பாக்ஸ் போனால்தான் அது பழைய இரும்பு. அதனால் அந்தப் புது பெயிண்ட் எனக்கு நல்ல சகுனமாகத் தெரியவில்லை. புல் வெட்டுகிற இரும்புக்கு வீட்டில் வைத்திருப்பவன் பெயிண்ட் அடிக்க மாட்டான், விற்கப் போகிறவன்தான் அடிப்பான், பெயிண்டுக்கு அடியில் எண்ணெய்க் கசிவும் வெல்டிங் தழும்பும் மறைந்துவிடும்.

நான் இதில் சூடு பட்டவன். முதலில் வாங்கிய ஸ்லாஷரில் கியர் பாக்ஸ் வெளியே பொட்டு எண்ணெய் இல்லை, துடைத்து வைத்தது போல இருந்தது, எனக்கோ பெரிய சந்தோஷம். வீட்டுக்குக் கொண்டுவந்து மூடியைக் கழற்றினால் உள்ளே எண்ணெயே இல்லை, கிரீஸ். சீல் போய் ஒழுகுகிற பெட்டியில் கிரீஸை அடைத்துவிட்டால் ஒழுகாது, ஆனால் மேல் பேரிங்குக்கு ஒன்றும் போய்ச் சேராது. கவிழ்த்துப் பார்த்தேன். கத்தி மாட்டுகிற தட்டுக்கு மேலே, ஷாஃப்ட்டைச் சுற்றி ஒரு உருண்டை. மாடு கட்டுகிற நைலான் கயிறு, உர மூட்டை நூல், கொஞ்சம் சொட்டுநீர்க் குழாய், எல்லாம் சூட்டில் உருகி ஒன்றாகி எலும்பு மாதிரி இறுகிக் கிடந்தது. ரம்பப் பிளேடு வைத்து அறுத்து எடுக்க அரை நாள். அதுதான் சீலைத் தின்றிருக்கிறது. சீல், ரெண்டு பேரிங், லேத்துக் கூலி என்று செலவு செய்த பிறகுதான் அது ஸ்லாஷர் ஆனது.

அதனால் போகும்போது ஒரு ஸ்பேனர், ஒரு சுத்தமான குச்சி, டார்ச் மூன்றையும் கொண்டு போங்கள். மூடியைக் கழற்றிக் குச்சியை விட்டுப் பாருங்கள். கறுப்பாக இருந்தால் பரவாயில்லை, பழைய எண்ணெய், அவ்வளவுதான். பால் ஊற்றிய டீ மாதிரி இருந்தால் தண்ணீர் இறங்கியிருக்கிறது, பேரிங்கில் துரு ஏறியிருக்கும். குச்சியில் மினுக்கும் பொடி ஒட்டினால் பல் தேய்கிறது என்று அர்த்தம், அப்படியே மூடியை மாட்டிவிட்டு டீ குடித்துவிட்டு வந்துவிடுங்கள். மூடியைக் கழற்ற விடமாட்டேன் என்று சொன்னாலும் அதேதான்.

அப்புறம் அடிப்பக்கம். ஸ்லாஷரைத் தூக்கி, மரக்கட்டை முட்டுக் கொடுத்து, டிராக்டரை நிறுத்திச் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்ட பிறகுதான் கையை உள்ளே விட வேண்டும். ஹைட்ராலிக்கை மட்டும் நம்பி அடியில் குனியாதீர்கள். கத்தித் தட்டை ரெண்டு கையாலும் பிடித்து மேலும் கீழும் ஆட்டுங்கள். லேசான அசைவு இருக்கலாம், கடகடவென்று ஆடினால் கீழ்ப் பேரிங் போய்விட்டது. கத்திகள் போல்ட்டில் தாராளமாக ஆட வேண்டும், கல்லில் பட்டால் மடங்கிக்கொள்ளத்தான் அந்த ஏற்பாடு. சிலர் போல்ட் ஓட்டை அகன்றுவிட்டது என்று கத்தியையே தட்டோடு வெல்ட் அடித்து வைத்திருப்பார்கள், அதைப் பார்த்தால் மறுபேச்சு வேண்டாம். ஷாஃப்ட் வளைந்திருக்கிறதா என்று பார்க்க ஒரு குச்சியை ஓரமாகத் தரையில் நட்டு, ஒரு கத்தியின் நுனியைக் கையால் சுற்றி அதன் எதிரில் கொண்டுவந்து ஒரு கோடு போடுங்கள். அடுத்த கத்தியையும் அதே இடத்துக்குக் கொண்டு வாருங்கள். ரெண்டும் ஒரே உயரத்தில் வர வேண்டும். விரல் கனம் வித்தியாசம் என்றால் ஒரு நாள் ஏதோ ஒரு மொட்டைக் கட்டையில் நன்றாக மோதியிருக்கிறார்கள். கியர் பாக்ஸ் உட்காரும் இடத்தைச் சுற்றி டார்ச் அடித்து விரிசல் பாருங்கள், பெயிண்டுக்கு மேலேயே முடி மாதிரி கோடு தெரியும்.

டிராக்டரையும் ஸ்லாஷரையும் இணைக்கும் பி.டி.ஓ. ஷாஃப்ட்டில் ஷியர் போல்ட் என்று ஒன்று இருக்கும். கத்தி எதிலாவது மோதினால் அது உடைந்து கியர் பாக்ஸைக் காப்பாற்றும். அடிக்கடி உடைகிறது என்று அதைக் கழற்றிவிட்டு உடையவே உடையாத கெட்டி போல்ட்டைப் போட்டுவைப்பது நம் ஊர் வழக்கம். அப்படி இருந்தால் அத்தனை அடியையும் கியர்தான் வாங்கியிருக்கிறது. ஷாஃப்ட் பெரிய டிராக்டருக்கு வாங்கியதாக இருந்தால் உங்கள் மினிக்கு நீளம் அதிகமாகி, தூக்கி இறக்கும்போது முட்டி பி.டி.ஓ. பேரிங்கையே குத்தும். உங்கள் வண்டியிலேயே மாட்டிப் பார்ப்பதுதான் வழி, வண்டியை அங்கே ஓட்டிக்கொண்டு போங்கள், டீசல் போனால் போகிறது.

இன்னொன்று, இதை விற்பவர்கள் யாரும் சொல்ல மாட்டார்கள். உங்கள் டிராக்டர் சிங்கிள் கிளட்சா, அதாவது சக்கரத்துக்கும் பி.டி.ஓ.வுக்கும் சேர்த்து ஒரே கிளட்சா? ரொட்டவேட்டர் மண்ணில் இருப்பதால் கிளட்சை மிதித்ததும் நின்றுவிடும். ஸ்லாஷர் கத்தி கனம், காற்றில் சுழல்வது, மிதித்த பிறகும் சுற்றிக்கொண்டே இருக்கும். அந்தச் சுற்றல் பி.டி.ஓ. வழியாகத் திரும்பி வந்து சக்கரத்தைத் தள்ளும். நீங்கள் கிளட்சை மிதித்துக்கொண்டு வேலிக் கல்லைப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள், வண்டி அதுபாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கும். இதற்கு ஓவர் ரன்னிங் கிளட்ச் என்று ஒரு பாகம் பி.டி.ஓ. ஷாஃப்ட்டோடு சேர்த்து மாட்டுவார்கள். உங்கள் வண்டியில் ஏற்கெனவே உள்ளே இருக்கிறதா என்று மெக்கானிக்கிடம் கேட்டுவிட்டு, இல்லையென்றால் அதன் விலையையும் ஸ்லாஷர் விலையோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

விலை பேசும்போது பழைய இரும்பு விலையிலிருந்து மேலே ஏறுங்கள், சொன்ன விலையிலிருந்து கீழே இறங்காதீர்கள். எத்தனை கிலோ இருக்கும் என்று கேட்டு இரும்புக் கடைக்கு ஒரு போன் போட்டால் அடிவிலை தெரிந்துவிடும். கடையில் அதே நாலடி புதுசுக்கு ஒரு கொட்டேஷனும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் விவசாயக் கருவிகளுக்கு ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைந்துவிட்டது, பலர் இன்னும் பழைய பில்லைக் காட்டித்தான் பழைய கருவிக்கு விலை சொல்கிறார்கள். புதுசின் விலையில் பாதிக்கு மேல் கேட்டால் நான் வாங்க மாட்டேன்.

கேள்வி: இதற்கு மானியம் கிடைக்குமா?

பதில்: பழையதற்குக் கிடையாது. புதுசு என்றால் வேளாண்மைப் பொறியியல் துறையில் விசாரியுங்கள், வேளாண் இயந்திரமயமாக்கல் துணை இயக்கத்தில் சிறு, குறு விவசாயிகளுக்கும் பெண்களுக்கும் ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கும் 50 சதவீதம், மற்றவர்களுக்கு 40 சதவீதம் வரை, உச்சவரம்புக்கு உட்பட்டு. உழவன் செயலியிலேயே பதியலாம். வாங்கிவிட்டு அப்புறம் போய் நிற்காதீர்கள், முதலில் பதிவு, அனுமதி, பிறகுதான் வாங்குவது. நாலு ஏக்கர் என்றால் நீங்கள் சிறு விவசாயிதான், சான்றிதழைத் தாசில்தார் அலுவலகத்தில் எடுத்து வையுங்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால் மானியத்தில் புதுசும் கைமாறிய பழசும் பக்கத்தில் பக்கத்தில் வந்து நிற்கலாம்.

கேள்வி: பில் இல்லை என்கிறாரே, பரவாயில்லையா?

பதில்: டிராக்டருக்கு ஆர்.சி. உண்டு, ஸ்லாஷருக்கு ஒன்றும் கிடையாது, யாருடையது என்று சொல்ல அந்தப் பில் ஒன்றுதான். தொலைந்துவிட்டது என்றால் விற்பவர் கையால், புரோக்கர் இல்லை, அசல் உடைமையாளர் கையால், கருவியின் நம்பரோடு எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். நம்பர் தகட்டைச் சுரண்டியிருந்தால் வேண்டாம். தனிநபரிடம் வாங்கியதற்கு நுகர்வோர் ஆணையத்தில் வழக்கு நிற்காது. பழைய கருவி விற்கும் கடையில் பில்லோடு வாங்கினால் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்கு அழைத்துப் புகார் சொல்லலாம், மாவட்ட ஆணையத்துக்கும் போகலாம். ஜிபேயில் பணம் போடும்போது குறிப்பில் "நாலடி ஸ்லாஷர்" என்று ஒரு வார்த்தை எழுதிவிடுங்கள்.

கேள்வி: விழுந்த மட்டையையும் அரைத்துவிடுமா?

பதில்: அரைக்காது. ஓலை கிழியும், அடிமட்டையில் ஷியர் போல்ட்தான் உடையும். மட்டையைத் தூளாக்க அதற்கென்று தனி மெஷின் இருக்கிறது. ஓட்டுவதற்கு முன்னால் மட்டையைப் பொறுக்கிப் பாத்தியில் போட்டுவிடுங்கள், பொறுக்கும்போது கயிறு கிடந்தால் அதையும்.