தாழ்ந்த தில்லைக் கிளைகளை நாமே கழிக்கலாமா?

கேள்வி: உப்பங்கழி ஓரப் பாதையில் தில்லை மரக் கிளைகள் தலைக்கு நேராகத் தொங்குகின்றன. அதன் பால் பட்டால் பார்வை போய்விடும் என்கிறார்கள். நாங்களே கழிக்கலாமா?

பதில்: கழிக்கலாம், ஆனால் தில்லை ஓர் அலையாத்தி மரம் (உவர்நீர்ச் சேற்றில் வளர்வது), பல நாடுகளில் அலையாத்தி மரங்கள் சட்டப் பாதுகாப்பில் இருப்பதால், முதலில் உரிய துறையின் அனுமதியைப் பெறுங்கள். மரம் தில்லைதானா என்பதையும் உறுதி செய்துகொள்ளுங்கள். மற்ற அலையாத்தி மரங்களான கண்டலுக்கு இருப்பது போல தண்டிலிருந்து இறங்கும் தாங்குவேர்களோ, வெண்கண்டலுக்கு இருப்பது போல சேற்றிலிருந்து மேல்நோக்கி நீளும் மூச்சுவேர்களோ இதற்கு இல்லை. வேர்கள் தரைமேல் நெளிந்து கிடக்கும், முதிர்ந்த இலைகள் உதிருமுன் சிவக்கும். ஐயம் தீர்ப்பதற்காக இலையைக் கிள்ளிப் பார்க்க வேண்டாம், கிள்ளிய இடத்தில் உடனே பால் துளிர்த்துவிடும்.

ஆமணக்குக் குடும்பத்தைச் சேர்ந்த இம்மரத்தின் பாலிலுள்ள டைட்டர்பீன் வகைச் சேர்மங்கள் தோலில் கொப்புளங்களையும், கண்ணில் கடும் அழற்சியையும் தற்காலிகப் பார்வையிழப்பையும் உண்டாக்கும். மரத்தடியில் நிற்பதால் கண் போய்விடாது. அண்ணாந்து பார்த்தபடி அரிவாளால் வெட்டுவதுதான் உண்மையான ஆபத்து, ஏனெனில் வெட்டுவாயிலிருந்து சொட்டும் பால் நேராக முகத்தில் விழும். பக்கவாட்டில், காற்று முதுகுப்புறமிருந்து வீசும்படி நின்று, நீண்ட தொரட்டியால் வெட்டுங்கள். சாதாரண மூக்குக்கண்ணாடி போதாது; கண்ணைச் சுற்றி மூடும் பாதுகாப்புக் கண்ணாடியும், கையுறையும், முழுக்கைச் சட்டையும் தேவை. பால் தோய்ந்த தூளைத் தெறிக்கவிடும் இயந்திர ரம்பத்தை நான் பரிந்துரைப்பதில்லை.

கண்ணில் பட்டுவிட்டால் தேய்க்காதீர்கள். மருத்துவமனைக்குக் கிளம்புவதற்கு முன்பே, இமைகளை விரித்துப் பிடித்து, தூய நீரைக் குறைந்தது 15 முதல் 20 நிமிடங்கள் இடைவிடாமல் ஊற்றிக் கழுவுங்கள். காண்டாக்ட் லென்ஸ் அணிந்திருந்தால் கழுவும்போதே அகற்றிவிடுங்கள். எண்ணெய், தாய்ப்பால், வீட்டில் மிஞ்சிய சொட்டு மருந்து எதையும் விட வேண்டாம். முதலில் எரிச்சல் குறைவாகத் தோன்றி, சில மணி நேரம் கழித்து வலியும் கண்கூச்சமும் பார்வை மங்கலும் கூடலாம் என்பதால், வலி தணிந்துவிட்டாலும் அன்றே கண் மருத்துவரிடம் காட்டி, கருவிழியில் புண் உள்ளதா எனப் பார்க்கச் சொல்லுங்கள். பட்டது எந்த மரத்தின் பால் என்பதையும் தவறாமல் அவரிடம் கூறுங்கள். தோலில் பட்டால் சோப்பு நீரால் கழுவினால் போதும். கொப்புளம் எழுந்தால் உடைக்க வேண்டாம்.

வெட்டிய கிளைகளை எரிக்காதீர்கள், அந்தப் புகையும் கண்ணை வருத்தும். கையுறையைக் கழற்றுவதற்கு முன் அரிவாளையும் தொரட்டியையும் சோப்பிட்டுக் கழுவிவிடுங்கள்.