புகைப்பதை நிறுத்த மின்சிகரெட் துணைசெய்யுமா?

கேள்வி: எனக்கு 46 வயது ஆகிறது. கோவையில் ஒரு நூற்பாலையில் மேற்பார்வையாளராகப் பணிபுரிகிறேன். பல ஆண்டுகளாக நாளொன்றுக்குப் பதினைந்து சிகரெட் வரை புகைத்து வருகிறேன். லண்டனில் வசிக்கும் என் தம்பி மின்சிகரெட்டுக்கு மாறி, சிகரெட்டை அடியோடு நிறுத்திவிட்டார். அடுத்த மாதம் ஊருக்கு வரும்போது எனக்கும் ஒன்று வாங்கி வருவதாகச் சொல்கிறார். முன்பு ஒருமுறை நிகோடின் சூயிங்கம் மென்று பார்த்தேன். தொண்டை எரிந்ததும் விக்கல் எடுத்ததும்தான் மிச்சம். தம்பியை வாங்கி வரச் சொல்லலாமா?

பதில்: வாங்கி வர வேண்டாம் என்று தம்பியிடம் இன்றே சொல்லிவிடுங்கள். தமிழ்நாடு அரசு 2018-இலேயே மின்சிகரெட்டுக்குத் தடை விதித்தது. 2019-இல் நடுவண் அரசு கொண்டுவந்த சட்டம் அதன் உற்பத்தி, இறக்குமதி, விற்பனை, விளம்பரம் ஆகிய அனைத்தையும் நாடு முழுவதும் தடைசெய்தது. முதன்முறை பிடிபடுபவருக்கே ஓராண்டு வரை சிறைத்தண்டனையோ ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்க அச்சட்டத்தில் இடமுண்டு. அன்பினால் உங்களுக்காக ஒன்றைப் பெட்டியில் வைத்து எடுத்துவந்து, விமான நிலையத்தில் அவர் சிக்கலில் மாட்டிக்கொள்ள வேண்டியதில்லை. இங்கேயே கள்ளத்தனமாகக் கிடைப்பதை வாங்கவும் எண்ணாதீர்கள். அந்தத் திரவத்தில் என்ன கலந்திருக்கிறது என்பதை விற்பவரே அறியமாட்டார்.

ஆனால், தம்பி அடைந்த பலன் பொய்யன்று. எரியும் புகையிலையிலிருந்து ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட வேதிப்பொருள்கள் வெளிப்படுகின்றன. அவற்றில் குறைந்தது எழுபது புற்றுநோயை உண்டாக்கக்கூடியவை. மின்சிகரெட்டில் எதுவும் எரிவதில்லை. நிகோடின் கலந்த திரவத்தைச் சூடான கம்பிச்சுருள் ஆவியாக்குகிறது. அந்த ஆவியை உள்ளிழுப்பவருக்கு நிகோடின் கிடைக்கிறது, தார் என்ற ஒட்டும் கரும்படிவும் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சுவாயுவும் சேர்வதில்லை. நம்மை அடிமைப்படுத்துவது நிகோடின். நுரையீரலையும் இதயத்தையும் பெரிதும் கெடுப்பது புகை. இந்த இரண்டையும் பிரித்துப் பார்த்ததால்தான் பிரிட்டனின் மருத்துவர்கள், ஏற்கெனவே புகைப்பவர்களுக்கு மட்டும் மின்சிகரெட்டை ஒரு வழியாகப் பரிந்துரைக்கிறார்கள். ஆவி தீங்கற்றது என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டாம். புகையைக் காட்டிலும் தீங்கு குறைந்தது என்பதே பொருள்.

பிரிட்டனில் புகைப்பதை நிறுத்த உதவும் அரசு மையங்களுக்கு வந்த 886 பேரை இரு குழுக்களாகப் பிரித்து ஓராண்டு கவனித்த ஆய்வொன்று 2019-இல் வெளிவந்தது. மின்சிகரெட் பெற்றவர்களில் 18 விழுக்காட்டினரும், நிகோடின் சூயிங்கம், தோலில் ஒட்டும் நிகோடின் பட்டை முதலியவற்றைப் பெற்றவர்களில் 9.9 விழுக்காட்டினரும் ஆண்டு முடிவில் புகைக்காமல் இருந்தார்கள். மின்சிகரெட் குழுவிலும்கூட ஐந்தில் நான்கு பேரால் நிறுத்த முடியவில்லை என்பதையும், இரு குழுவினருக்கும் தொடக்க வாரங்களில் வாரந்தோறும் நேரடி ஆலோசனை கிடைத்தது என்பதையும் நான் முக்கியமாகக் கருதுகிறேன். தம்பியிடம் கேட்டுப் பாருங்கள். கருவியோடு கூடவே யாரேனும் ஒருவர் அவருக்குத் துணை நின்றிருக்கக்கூடும்.

இனி, உங்களுக்குக் கைவராமல் போன சூயிங்கத்துக்கு வருகிறேன். தொண்டை எரிச்சலும் விக்கலும், அதைச் சாதாரண மிட்டாய்ச் சூயிங்கத்தைப் போல விடாமல் மென்று, ஊறிய எச்சிலை விழுங்கியதற்கான அடையாளங்கள். விழுங்கிய நிகோடின் வயிற்றைத்தான் புண்படுத்தும். நிகோடின் கன்னத்தின் உட்புறத் தோல் வழியாக இரத்தத்தில் சேர வேண்டும். ஆகவே, காரச்சுவை தெரியும்வரை மெதுவாக மென்று, தெரிந்தவுடன் நிறுத்தி, கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் ஒதுக்கி வையுங்கள். சுவை அடங்கியதும் மீண்டும் சிறிது மென்று, வேறோர் இடத்தில் ஒதுக்குங்கள். இப்படியே அரை மணி நேரம் செல்லட்டும். மெல்லுவதற்குக் கால் மணி நேரம் முன்பிருந்தே காபி, பழச்சாறு, சோடா எதுவும் வேண்டாம். அவற்றின் அமிலத்தன்மை நிகோடின் உறிஞ்சப்படுவதைத் தடுத்துவிடும். பெரும்பாலோர் செய்யும் இன்னொரு தவறு, நாளுக்கு ஒன்றிரண்டோடு நிறுத்திக்கொள்வது. முதல் ஆறு வாரங்களுக்கு ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு ஒன்று என்ற கணக்கில் மென்றால்தான் பதினைந்து சிகரெட்டின் இடத்தை அதனால் நிரப்ப முடியும். இரண்டு மில்லிகிராம் வகை மருந்துச்சீட்டு இல்லாமலே கிடைக்கும். எழுந்த அரை மணி நேரத்துக்குள் முதல் சிகரெட்டைப் பற்றவைப்பவருக்கு நான்கு மில்லிகிராம் தேவைப்படும். அதற்கு மருத்துவரின் சீட்டு வேண்டும்.

உங்கள் நிலையில் உள்ளவருக்குச் சூயிங்கம் மட்டும் போதாது என்பது என் கருத்து. தோலில் ஒட்டும் நிகோடின் பட்டை நாள் முழுவதும் சீராக நிகோடினைத் தரும். சாப்பாட்டுக்குப் பின்பும் வேலை இடைவேளையிலும் திடீரென எழும் வேட்கையைச் சூயிங்கம் அடக்கும். இரண்டையும் சேர்த்துப் பயன்படுத்துவது, ஒன்றை மட்டும் பயன்படுத்துவதைவிடக் கூடுதல் பலன் தருவதாக ஆய்வுகள் காட்டுகின்றன. பொதுவாக 21 மில்லிகிராம் பட்டையில் தொடங்கி, ஆறு வாரங்களுக்குப் பின் 14, அதன்பின் 7 எனக் குறைப்பார்கள். வரெனிக்ளின், புப்ரோபியான் என்ற மாத்திரைகளும் உண்டு. இரத்த அழுத்தம், இதயக் கோளாறு, வலிப்பு ஆகியவை உங்களுக்கு இருந்ததா என்று விசாரித்த பிறகே மருத்துவர் இவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பார். சிகரெட் கிடைக்கும் அளவுக்கு எளிதாக இந்தப் பட்டை நம் ஊர்களில் கிடைப்பதில்லை என்பது எனக்கு உண்மையான வருத்தம்.

சிகரெட் பெட்டியிலேயே அச்சிடப்பட்டிருக்கும் 1800-11-2356 என்ற கட்டணமில்லா எண்ணில் தமிழிலும் ஆலோசனை பெறலாம். முதல் வாரத்தின் எரிச்சலும் தூக்கமின்மையும் இரண்டு முதல் நான்கு வாரங்களில் தணிந்துவிடும். அந்நாட்களில் டீ, காபியைப் பாதியாகக் குறைத்துக்கொள்ளுங்கள். புகை நின்றதும் உடல் கஃபீனை மெதுவாகவே வெளியேற்றும், அதனால் வரும் படபடப்பைச் சிகரெட் ஏக்கம் என்று தவறாக எண்ணிவிடுவீர்கள்.

கேள்வி: பிரிட்டனில் வசிக்கிறோம். என் கணவர் எட்டு மாதங்களாக மின்சிகரெட் பயன்படுத்துகிறார். வார இறுதிகளில் மட்டும் ஓரிரு சிகரெட் புகைக்கிறார். இதைப் பெரும் முன்னேற்றம் என்கிறார். மின்சிகரெட்டையும் நிறுத்தச் சொல்லலாமா?

பதில்: முதலில் நிற்க வேண்டியது அந்த வார இறுதிச் சிகரெட். நாளுக்கு ஒன்றே ஒன்று புகைப்பவருக்கும், இருபது புகைப்பவருக்குக் கூடும் இதயநோய் அபாயத்தில் ஏறத்தாழ பாதி இருப்பதாக 2018-இல் வெளியான விரிவான ஆய்வுத்தொகுப்பு கண்டறிந்தது. உங்கள் கணவர் புகைப்பது அதைவிடக் குறைவுதான். ஆயினும், குறைத்ததால் ஆபத்தும் அதே அளவுக்குக் குறைந்துவிடும் என்று நம்ப வழியில்லை. சிகரெட்டை நினைக்கும் நேரங்களில் மின்சிகரெட்டிலுள்ள நிகோடின் போதவில்லை என்றால், அதன் செறிவைக் கூட்டிக்கொள்வதுகூடத் தவறில்லை. அந்நாட்டுச் சட்டம் மில்லிலிட்டருக்கு 20 மில்லிகிராம் வரை அனுமதிக்கிறது.

புகை முற்றிலும் நின்று, திரும்பவும் அதை நாடமாட்டோம் என்ற உறுதி அவருக்கே வந்தபின் மின்சிகரெட்டைக் குறைக்கத் தொடங்கலாம். செறிவைப் படிப்படியாக இறக்குவதும், உள்ளிழுக்கும் இடைவெளியை நீட்டுவதும், வீட்டுக்குள்ளும் காரிலும் கூடாது என்று எல்லை வகுப்பதும் நடைமுறைக்கு ஏற்றவை. அவசரப்படுத்தாதீர்கள், அவசரத்தில் நிறுத்தியவர்கள் சிகரெட்டுக்கே திரும்பிவிடுவது உண்டு. வீட்டில் சிறு குழந்தைகள் இருந்தால், நிகோடின் திரவக் குப்பியைப் பூட்டிய அலமாரியில் வையுங்கள். பழவாசம் வீசும் அந்தத் திரவத்தைக் குழந்தை சிறிதளவு விழுங்கினாலும் உடனடியாக மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும்.