மொய்க் கணக்கு மறக்கவில்லை, ஆனால் ஆள் மாறிவிட்டார்

கேள்வி: என் கணவருக்கு 56 வயது. இரண்டு வருடமாக ஆளே மாறிவிட்டார். ஒரு கல்யாணப் பந்தியில் பக்கத்து இலையில் இருந்த கவுனி அரிசி இனிப்பை எடுத்துச் சாப்பிட்டார். உடன்பிறந்த அக்காவின் துக்க வீட்டில் உட்கார்ந்துகொண்டு காபி கேட்டார். ஞாபகம் மட்டும் அப்படியே இருக்கிறது. யாருக்கு எவ்வளவு மொய் எழுதினோம் என்று கேட்டால் உடனே சொல்வார். மன அழுத்த மாத்திரையில் பலனில்லை. இது திமிரா, நோயா?
- ஒரு வாசகி, காரைக்குடி

பதில்: திமிர் 54 வயதில் புதிதாக முளைப்பது அபூர்வம், அம்மா. நீங்கள் எழுதியதைப் படித்ததும் எனக்கு முதலில் தோன்றியது ஃப்ரண்டோடெம்போரல் டிமென்ஷியா. மூளையின் நெற்றிப் பகுதியும் பொட்டுப் பகுதியும் சுருங்கும் நோய் இது. பெரும்பாலும் 45 முதல் 65 வயதுக்குள் தொடங்கும். அல்சைமரில் முதலில் மறதி வரும். இதில் முதலில் போவது கூச்சம், அக்கறை, அடுத்தவர் மனம் நோகுமே என்ற எண்ணம். இனிப்பின் மேல் திடீர் ஆசையும் இதில் சேர்த்திதான். கவுனி அரிசியை நான் அப்படித்தான் பார்க்கிறேன்.

மொய்க் கணக்கு சரியாகச் சொல்வதால் நோய் இல்லை என்று ஆகிவிடாது. தேதி, கிழமை கேட்கும் சின்ன ஞாபகப் பரிசோதனையில் இவர்கள் தொடக்கத்தில் நன்றாகவே தேறிவிடுவார்கள். மனநோய் என்று சிகிச்சை நடந்து வருடங்கள் வீணாவதும் இதனால்தான்.

மதுரைக்குப் போய் ஒரு நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள். கணவர் பக்கத்தில் இருந்தால் நீங்கள் வாய் திறக்க மாட்டீர்கள். "எனக்கு ஒன்றுமில்லை" என்று அவரே முடித்துவிடுவார். அதனால் டாக்டரிடம் தனியாகப் பத்து நிமிடம் கேளுங்கள். எது எப்போது தொடங்கியது என்று தாளில் எழுதிக்கொண்டு போங்கள். எந்த ஸ்கேனையும்விட அந்தத் தாள் பெரிது என்பேன். தைராய்டு, பி12 குறைவு போன்றவற்றை ரத்தத்தில் பார்ப்பார்கள். அப்புறம் எம்ஆர்ஐ, அதில் தெளிவில்லை என்றால், மூளையின் எந்தப் பகுதி மந்தமாக இயங்குகிறது என்று காட்டும் பெட் (PET) ஸ்கேன். குடும்பத்தில் வேறு யாருக்காவது இப்படி இருந்ததா, கையில் பலம் குறைகிறதா, விழுங்கச் சிரமமா என்பதையும் சொல்லுங்கள்.

முழுதாகக் குணமாக்கும் மருந்து இன்னும் இல்லை. நடத்தையை ஓரளவு அடக்க மாத்திரைகள் உண்டு. அல்சைமருக்குத் தரும் ஞாபக மாத்திரையை யாராவது சொன்னார்கள் என்று வாங்கிக் கொடுக்காதீர்கள். சிலருக்குத் தொல்லை கூடும்.

பண விஷயத்திலும் அவர் நிதானம் தவறலாம். செக் புத்தகம் இப்போது யாரிடம் இருக்கிறது? அதை இந்த வாரமே பிள்ளைகளுடன் உட்கார்ந்து பேசிவிடுங்கள்.