பதில்: பிழைக்கோடு இரண்டு மடங்கு நீளமாக வருகிறது

வணக்கம் நண்பரே. சராசரி 20, திட்ட விலக்கம் (மதிப்புகள் எவ்வளவு சிதறியிருக்கின்றன என்ற அளவு) 4. ஆனால் பைத்தானில் வரைபடம் வரையும் நூலகமான மேட்பிளாட்லிப் (matplotlib), அந்த விலக்கத்தைக் காட்டும் பிழைக்கோட்டை 12 முதல் 28 வரை இழுக்கிறது என்கிறீர்கள். உங்கள் நிரலில் கோட்டின் நீளத்தைச் சொல்லும் ஒய்எர் (yerr) என்ற உள்ளீட்டுக்கு விலக்கத்தை 2-ஆல் பெருக்கிக் கொடுத்திருக்கிறீர்கள், அதுதான் காரணம். ஒய்எர் கேட்பது கோட்டின் முழு நீளத்தை அல்ல, பாதியை. 4 என்று மட்டும் கொடுங்கள். மேலே 4, கீழே 4 என்று அதுவே சமமாகப் பிரித்து வரையும், 16 முதல் 24 வரை வரும். புள்ளிக்கு ஒரு மதிப்பு கொடுத்தால் இருபுறமும் சமம். இரண்டு வரிசைகளாகக் கொடுத்தால் முதல் வரிசை கீழ்ப்பக்கத்துக்கு, அடுத்தது மேல்பக்கத்துக்கு.

இதைவிட எனக்குக் கவலை தருவது வேறொன்று. அளவீடுகள் 5 தான், விலக்கத்தை நம்பை (NumPy) என்ற கணக்கீட்டு நூலகத்தில் கணக்கிட்டிருக்கிறீர்கள். நம்பை இயல்பாக 5-ஆல் வகுக்கும். மாதிரிக்கு, அதாவது பெரிய தொகுதியிலிருந்து எடுத்த சில அளவீடுகளுக்கு, ஒன்று குறைத்து 4-ஆல் வகுக்க வேண்டும். எண்ணிக்கையிலிருந்து எவ்வளவு கழிப்பது என்று சொல்லும் டிடிஓஎஃப் (ddof) மதிப்பை 1 ஆக்கினால் 4 என்பது சுமார் 4.47 ஆகும். பாண்டாஸ் (pandas) என்ற தரவு நூலகத்தில் இந்தத் தொல்லை இல்லை, அங்கே இயல்பே 1.

சராசரியின் திட்டப் பிழையை (சராசரி எவ்வளவு துல்லியம் என்ற அளவை) வரைவதென்றால் 4.47-ஐ 5-இன் வர்க்கமூலத்தால் வகுங்கள், 2 வரும். எதை வரைந்தீர்கள் என்று படத்தின் கீழே கட்டாயம் எழுதுங்கள். எழுதாவிட்டால் பார்ப்பவருக்குத் தெரிய வழியே இல்லை.

முனையில் குறுக்குக்கோடு வேண்டுமென்றால் அதன் அளவைச் சொல்லும் கேப்சைஸ் (capsize) 4 போதும்.