‘சார்டோரியல்’ என்றால் என்ன?

கேள்வி: ஆங்கில நாளிதழில் ஒரு நடிகரின் ‘சார்டோரியல் டேஸ்ட்’ பற்றி எழுதியிருந்தார்கள். தையலோடு தொடர்புள்ள சொல் என்கிறார்கள். என் மகன் தையல் கடை வைக்கிறான். போர்டில் ‘சார்டோரியல் ஷாப்’ என்று எழுதலாமா?
– வாசகர், செல்லூர், மதுரை

பதில்: எழுத வேண்டாம் ஐயா. ‘டெய்லர்ஸ்’ என்றோ ‘தையலகம்’ என்றோ எழுதுங்கள்; தெருவில் போகிற எல்லாருக்கும் புரியும். ‘சார்டோரியல்’ கடையைக் குறிப்பதில்லை. ஒருவர் உடுத்தும் விதம், உடையில் அவருக்குள்ள ரசனை, உடையின் வெட்டும் தையலும் ஆகியவற்றைச் சொல்லும் பெயரடை அது. பெரும்பாலும் ஆண்கள் உடையைப் பற்றியே வரும்.

வேர்ச்சொல்தான் அழகு. லத்தீனில் ‘சார்கிரே’ என்றால் கிழிசலை ஒட்டுப்போட்டுச் சீராக்குவது. அதைச் செய்பவர் ‘சார்டோர்’. பழந்துணிக்கு ஒட்டுப்போட்டவரின் பெயரே பிறகு புதுத்துணி தைப்பவருக்கும் ஆயிற்று. இத்தாலியில் இன்றும் தையற்காரர் ‘சார்தோ’தான். ‘டெய்லர்’ என்ற சொல்லும் லத்தீன் வழியில் வந்ததே. ஆனால் அதன் மூலமான ‘தாலியாரே’ வெட்டுவதைக் குறிக்கும். ஒன்று ஊசியிலிருந்து பிறந்தது, மற்றது கத்தரியிலிருந்து.

நம்மிடமும் ஊசிவழிச் சொல் உண்டு: துன்னம். சிலப்பதிகாரத்தில் தையற்காரர் ‘துன்னகாரர்’. பொருநராற்றுப்படையில் வறிய பொருநன் உடுத்தியிருப்பது ‘துன்னற் சிதாஅர்’. வேறு வேறு இழைகள் நுழைந்த, தைத்த கந்தல். லத்தீன் சார்டோர் கையில் எடுத்ததும் இத்தகைய துணியைத்தான். இந்தச் சொல்லை நாம் புழக்கத்தில் விட்டுவிட்டது பெரிய இழப்பு.

உடற்கூற்றிலும் சார்டோர் இருக்கிறார். இடுப்பெலும்பின் முன்பக்கத்தில் தொடங்கி, தொடையைக் குறுக்கே கடந்து, முழங்காலுக்குக் கீழே உட்புறம் முடியும் தசை ‘சார்டோரியஸ்’. உடலிலேயே நீளமான தசை இது. சம்மணமிட காலை மடக்கும்போது வேலை செய்வதால், அப்படி அமர்ந்து தைத்த தையற்காரர் பெயரைப் பெற்றது.

உச்சரிக்கும்போது அழுத்தம் ‘டோ’வில் விழ வேண்டும். எழுத்தில் முதல் ‘ஆர்’ விட்டுப்போவதுதான் வழக்கமான பிழை. எப்போதும் ஒரு பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வையுங்கள். ‘அவர் சார்டோரியல்’ என்று தனியே நிறுத்தினால் ஒட்டாது. ‘சார்டோரியல் டிரெஸ்’ என்றால் ‘உடை சார்ந்த உடை’ ஆகிவிடும். பொருத்தமான எடுத்துக்காட்டு நம்மூரிலேயே இருக்கிறது: 1921 செப்டம்பர் 22 அன்று மதுரை மேலமாசி வீதியில் காந்தியடிகள் அரையாடைக்கு மாறினாரே, அதை ஆங்கிலத்தில் ‘சார்டோரியல் சேஞ்ச்’ எனலாம்.